வந்தோரும் இருந்தோரும்

இலங்கையின் வடகிழக்குக் கரையிலே, கடலை நோக்கி நீண்டு செல்லும் ஒரு நிலமுனையின் முடிவிலே, ஏறக்குறைய 400 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது கோணமாமலை. ஊரார் அதனைச் சுவாமிமலை என்பர். ஆங்கிலேயரும் சுவாமி என்னும் சொல்லை விடாமலே அதற்குப் பெயர் வழங்கினர். மூன்று புறமும் கடல்; ஒரு புறம் மட்டுமே நிலம். அந்த நிலவழியை அடைத்துக்கொண்டு கோட்டை ஒன்று நிற்கிறது. எனவே, மலைக்குச் செல்ல விரும்புவோர் எவராயினும், அரசராயினும் அடியாராயினும், அந்த ஒரு வாயிலின் வழியாகவே செல்ல வேண்டும். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இம்மலைக்கு வந்தோர் யாவர், எதற்காக வந்தனர், வந்தவர் எதனை விட்டுச் சென்றனர் என்பதைச் சிறிது நினைத்துப் பார்ப்போம்.

இம்மலையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்புகளுள் ஒன்று மகாவம்சத்தில் உள்ளது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளின் அளவில் ஆண்ட மகாசேனன் என்னும் மன்னன் தேவர் கோயில்களை அழித்து மூன்று விகாரைகளை அமைத்தான் என்றும், அவற்றுள் ஒன்று கோகண்ணம் என்னும் இடத்தில் அமைந்தது என்றும் அந்நூல் கூறுகிறது. கோகண்ணம் கீழ்க்கடற்கரையில் உள்ளது என்று அதன் உரை விளக்கும். ஆராய்ச்சியாளர் அதனைத் திருகோணமலை என்றே கொள்வர். முதல் வரியிலேயே மலைக்கு வந்தவன் வழிபட வந்தவன் அல்லன், மாற்ற வந்தவன் என்று அறிகிறோம். மாற்றுவதற்கு அங்கே முன்னரே ஒன்று இருந்தது என்பதையும் அவ்வரியிலிருந்தே அறிகிறோம்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின் மீது ஒரு பதிகம் பாடினார். அது மூன்றாம் திருமுறையில் உள்ளது. கடல் முத்தை ஒதுக்கும் கரையையும், குடிகள் நெருங்கி வாழும் ஊரையும் அப்பதிகத்திற் காண்கிறோம். ஆனால், சம்பந்தர் கடல் கடந்து வந்து பாடினார் என்று மரபு சொல்வதில்லை. இராமேசுவரத்தில் நின்றவாறே பாடினார் என்றே சொல்கிறது. கோணமலையின் புகழை உலகறியச் செய்தவர்களுள் முதல்வர் இம்மலைக்கு வாராதவர்! அவ்வாறாயின், ஊரின் நிலையை அவருக்குச் சொன்னவர் யார்? முத்தும் யானைத் தந்தமும் ஏற்றிச் சென்ற வணிகரும், தீர்த்தமாடச் சென்ற அடியாரும் கடற்கரையிற் பேசிய பேச்சே அவர் செவியை எட்டியிருத்தல் வேண்டும். பெயர் தெரியாத அந்த மனிதரும் இவ்வரலாற்றில் ஒரு பங்காளரே.

சோழர் இலங்கையை ஆண்ட 11ஆம் நூற்றாண்டிலே மலைக்கு வந்தவரின் எண்ணிக்கை பெருகிற்று. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, கோணமாமலையில் எழுந்தருளிய மச்சகேசுவரத்து இறைவனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அதன்பின், பிரட்றிக் கோட்டையினுட் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லிலே, கிரந்த எழுத்தில் வடமொழியிற் பொறிக்கப்பட்ட சிதைந்த சாசனம் ஒன்று உண்டு. சோடகங்கதேவன் என்பவன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்தான் என்பது அதன் செய்தி. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் வந்தனர். சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயற் சின்னத்தைப் பொறித்தான் என்று தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகிறது. கோட்டை வாயிலின் இருமருங்கும் இன்றும் காணப்படும் கயற் சின்னங்கள் அவ்வரவின் சுவடு என்பர்.

15ஆம் நூற்றாண்டிலே அருணகிரிநாதர் இத்தலத்தை ஒரு திருப்புகழிற் பாடினார். கோயில் தன் பெருமையின் உச்சத்தில் இருந்த காலம் அது. மலையின் அடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று, பின்னாளிற் கோவாவில் இருந்து இலங்கை வரலாற்றை எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்றோஸ் குறித்துள்ளார். அவர் அதனை எழுதியபொழுது அம்மூன்றில் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

எஞ்சாமற் செய்தவன் கொன்ஸ்தந்தீனு தெ சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி. 1620களின் முற்பகுதியில் நிகழ்ந்த இந்நிகழ்ச்சிக்குப் பொதுவாகக் கூறப்படும் ஆண்டு 1624. புத்தாண்டு நாளிலே இறைவன் திருவுலாவாக ஊருக்குள் எழுந்தருளியபொழுது, பறங்கியர் அந்தணர் வேடம் பூண்டு கோயிலுட் புகுந்தனர் என்பது செவிவழிச் செய்தி. வேடம் உண்மையோ அன்றோ, விளைவு உண்மை. கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. மிகுந்தவை கடலுட் சென்றன. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்று முன்னறிந்து சொல்வதுபோல அமைந்த ஒரு செய்யுள், அக்கோட்டை வாயிலிலேயே பதிக்கப்பட்டுச் சிதைந்த நிலையிற் காணப்படுகிறது. இடித்தவர் தம்மைப் பற்றிய சொல்லையும் தம் வாயிலிலேயே வைத்துக் கட்டினர்!

இந்த இடத்தில் மலையை விட்டுச் சிறிது தூரம் உள்நாட்டுக்குச் செல்ல வேண்டும். திருகோணமலைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 15 மைல் தொலைவில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே இருக்கிறது தம்பலகாமம். மலைக்கோயில் அழிந்தபொழுது அடியார் சிலர் திருவுருவங்களை எடுத்துச் சென்று காட்டினுள் ஒளித்தனர் என்றும், கழனிமலையிற் சிலகாலம் வைத்து வழிபட்டனர் என்றும், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்திலே தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலாக நிலைநிறுத்தினர் என்றும் எமது மரபு கூறும். திருவுருவத்தைச் சுமந்து சென்ற தோள்கள் எவருடையவை என்று எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை. ஒளித்து வைப்பவர் எழுதி வைப்பதில்லை.

போர்த்துக்கேயரை 1639ஆம் ஆண்டிலே ஒல்லாந்தத் தளபதி அந்தோனி கான், கண்டி மன்னனின் துணையோடு வெளியேற்றினான். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஒல்லாந்தர் திரும்பி வந்து கோட்டையைத் தமக்கெனக் கட்டிக்கொண்டனர். 1659ஆம் ஆண்டின் இறுதியில், குடாவின் மறுகரையிலுள்ள கொட்டியாரத்துக்கு ஓர் ஆங்கிலக் கப்பல் பாய்மரம் திருத்த வந்தது. அதில் இருந்த இளைஞன் றொபேட் நொக்ஸ் 1660இலே கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்தான். தப்பிச் சென்று 1681இல் அவன் வெளியிட்ட நூல் இலங்கையை ஐரோப்பாவுக்கு அறிமுகஞ் செய்தது. விரும்பி வந்து எழுதியவர் பலர். விரும்பாமல் தங்கி எழுதியவன் இவன். இருவகை எழுத்துக்கும் வேற்றுமை உண்டு. தங்க நேர்ந்தவன் உழுவதையும் அறுப்பதையும் உண்பதையும் உறங்குவதையும் எழுதினான்.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மலையுச்சியிலே பழைய கோயிலின் தூண் ஒன்றில் ஒல்லாந்த மொழியிற் சில வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. பிரான்சினா வான் றீட் என்னும் பெண்ணின் நினைவாக 1687 ஏப்ரல் 24இல் அது நிறுத்தப்பட்டது என்பது அவற்றின் பொருள். இதனைச் சுற்றி ஒரு கதை எழுந்தது. காதலன் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிச் சென்றதைக் கண்ட அப்பெண் இம்மலையிலிருந்து கடலிற் குதித்து மாய்ந்தாள் என்பது கதை. மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லுந்தோறும் இக்கதையை நான் உருக்கத்தோடு சொல்லி வந்தேன். பிள்ளைகள் கண் கலங்குவர்; எனக்கும் அது பிடித்திருந்தது. பிறகுதான், ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தோர் அப்பெண் அந்நாளுக்குப் பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்து மணம் புரிந்தமையை எடுத்துக் காட்டியுள்ளனர் என்று அறிந்தேன். வாழ்ந்த ஒருத்தியை ஆண்டுதோறும் வகுப்பின் முன்னே கடலில் தள்ளியவன் நான்!

அக்கதை எவ்வாறு நிலைத்தது என்று நினைத்துப் பார்த்தேன். தூண் நின்றது; வாசகம் தேய்ந்தது; மொழி அறிந்தவர் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கற்பனை நிரப்பிற்று. ஆனால், அந்தத் தூண் பிரான்சினாவுக்காகச் செதுக்கப்பட்டது அன்று. அது கோயிலின் தூண். அதனைச் செதுக்கிய சிற்பியைப் பற்றி நான் ஒருநாளும் மாணவருக்குச் சொன்னதில்லை. தூணில் எழுதப்பட்டவளின் கதையைச் சொன்னேன். தூணின் கதையைச் சொல்லவில்லை.

18ஆம் நூற்றாண்டிலே மலையைக் காட்டிலும் அதன் அருகிலுள்ள துறைமுகமே வந்தோரின் கண்ணை ஈர்த்தது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே திருகோணமலை மூன்று கொடிகளைக் கண்டது. ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கொடி. சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் கைப்பற்றியதும் ஆங்கிலேயர் கொடி. ஆகத்து இறுதியில் சஃப்றன் கைப்பற்றியதும் பிரெஞ்சுக் கொடி. மறு ஆண்டின் உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தருக்குச் சென்ற கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் நிலையாகக் கைக்கொண்டனர். 1803இல் அதற்குத் தம் இளவரசர் பிரட்றிக்கின் பெயரைச் சூட்டினர். 1800ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து தங்கிய ஆதர் வெல்லெஸ்லியே பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு. அவர் பெயரால் வழங்கும் வீடு கோட்டையினுள் உண்டு.

அக்காலத்து ஆங்கில நூல்களிலே ஒரு காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலும் அது உண்டு. கோயில் இல்லாத அம்மலையின் விளிம்பிலே அர்ச்சகர் ஒருவர் இறங்கி நின்று, பூவும் பழமும் கடலில் இட்டுக் கர்ப்பூரம் ஏற்றுகிறார். சூழ நின்ற அடியார் கைகூப்புகின்றனர். இடித்து 200 ஆண்டுகளுக்கு மேலாகியும், கட்டடம் இல்லை, விக்கிரகம் இல்லை, நிலவழியிலே அந்நியர் காவல். ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. பார்க்க வந்தவர் இதனை விந்தை என்று எழுதினர். வந்து நின்ற அடியாருக்கு அது விந்தையன்று, அன்றாடக் கடமை.

20ஆம் நூற்றாண்டில் வரும் வழிகள் மாறின. 1927இல் புகையிரதப் பாதை கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலையை அடைந்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் வானிலிருந்து வந்தன. 1950இல் மலைக்கு அண்மையிலே கிணறு வெட்டியவரின் மண்வெட்டி புதைந்திருந்த செப்புத் திருமேனிகளில் இடித்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் மண்ணுள் ஒளிக்கப்பட்ட சோமாஸ்கந்தரும் பிற திருவுருவங்களும் வெளிவந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் மலையடியில் நீரில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். கிளார்க் அதனை மறு ஆண்டில் நூலாக்கினார். வில்சனோ பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். பார்க்க வந்தவர் பணியும் நிலைக்கு மாறியமை இம்மலை வரலாற்றில் ஓர் இனிய நிகழ்ச்சி. 1957இல் ஆங்கிலக் கடற்படை துறைமுகத்தை விட்டகன்றது. 1963இல் மலையுச்சியில் புதிய கோயில் குடமுழுக்குக் கண்டது. பின்வந்த நீண்ட போர்க்காலத்திலே அடியார் தொகை சுருங்கிற்று. 2009இன் பின்னர் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வண்டி வண்டியாக மக்கள் வருகின்றனர். கோட்டையினுள் மேயும் புள்ளிமான்களைப் படம் பிடிக்கின்றனர், இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கின்றனர், தேங்காய் உடைக்கின்றனர்.

இவ்வளவும் வந்தோரின் வரலாறு. இதனை நான் பல்கலைக்கழகத்திலே படித்தேன். கலைப்பட்டத்தோடு ஊர் திரும்பிய நாட்களில், வீட்டுத் திண்ணையில் இருந்து இதனை என் பெரியப்பாவுக்கு விரித்துரைத்தேன். அவர் கோயிற்கடமை உரிமையுள்ள குடும்பத்தவர், ஏடு படித்தவர், பள்ளிக்கூடம் அதிகம் படியாதவர். எந்த விழாவுக்கு எந்த வயற்கண்டத்தார் என்ன கொண்டுவர வேண்டும், எந்தக் குடும்பம் எத்தொழும்பு செய்ய வேண்டும், குளத்து நீர் திறக்குமுன் எந்தத் தெய்வத்துக்கு எவர் பொங்க வேண்டும் என்பனவற்றை அவர் மனப்பாடமாகச் சொல்வார். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்னர், "தம்பி, வந்தவன் கதை எல்லாம் நல்லாய்ப் படித்து வந்திருக்கிறாய். இருந்தவன் கதையை எப்போது படிக்கப் போகிறாய்?" என்றார்.

நான் சிரித்துவிட்டு எழுந்தேன். அவர் சொல்வது வழக்கம். நான் படித்தது வரலாறு என்பது அன்றைய என் எண்ணம். அடுத்த விடுமுறையில் எழுதிக் கொள்ளலாம் என்று இரண்டு, மூன்று விடுமுறைகள் கழிந்தன. பெரியப்பா காலமானார். வீட்டு ஏடுகளோ இடப்பெயர்வுகளில் முன்னரே போய்விட்டன. இன்று அவர் சொன்னவற்றுள் என் நினைவில் எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கும் இல்லை.

அதன் பின்னரே கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை நான் கருத்தோடு படித்தேன். கல்வெட்டு என்று பெயர் பெற்றிருப்பினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் நூல். குளக்கோட்டு மன்னன் மலையிற் கோயிலும் கந்தளாயிற் குளமும் அமைத்து, தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றி, அவரவர்க்குரிய கடமையை வகுத்தான் என்று அது கூறுகிறது. வரலாற்று மாணவன் இங்கே ஒரு தடையை எழுப்ப வேண்டும். கந்தளாய்க் குளத்தை அமைத்தவன் 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்று சிங்கள அரச வரலாறு சொல்கிறது. குளக்கோட்டன் எக்காலத்தவன் என்பதிலும் அறிஞர் ஒன்றுபடவில்லை. பிரான்சினாவின் கதையைச் சோதித்த நாம் குளக்கோட்டன் கதையைச் சோதியாமல் விடுதல் நேர்மையன்று.

ஆனால், அந்நூலின் மதிப்பு மன்னனின் காலத்தைக் கூறுவதில் இல்லை. சோடகங்கனின் கல், நான் வந்தேன் என்கிறது. பாண்டியனின் கயல், நான் வென்றேன் என்கிறது. ஒல்லாந்தத் தூண், என்னை மறவாதே என்கிறது. கோணேசர் கல்வெட்டோ, நாளைக் காலை யார் நெல் குற்ற வேண்டும், யார் விளக்கெரிக்க எண்ணெய் தர வேண்டும், யார் பூமாலை கட்ட வேண்டும் என்கிறது. முன்னவை வந்தோரின் எழுத்து. பின்னது இருந்தோரின் எழுத்து. கோயில் இருந்தபொழுதும், இடிந்தபொழுதும், மலையை விட்டு வயலுக்கு நடுவே வந்தபொழுதும் வழிபாடு அறாது நின்றதற்குக் காரணம் இந்தக் கடமைப் பட்டியலே. கற்கள் கோட்டைக்குப் போயின. கடமைகள் குடும்பங்களில் தங்கின. கல்லைக் கொண்டுபோகலாம், எண்ணெய் தரும் வழக்கத்தை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

ஆயினும், எந்தப் படையாலும் எடுத்துச் செல்ல முடியாத அந்தப் பொருள் நம் கவனக்குறைவினால் எளிதில் அழியும். எங்கள் ஊரில் அதனை வாய்ப்பாடமாக அறிந்தவர் இன்று மிகச் சிலர். இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். கடமை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் கடமையின் காரணம் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு மாணவரை மலைக்கு அழைத்துச் சென்றபொழுது பிரான்சினாவின் கதையைத் திருத்திச் சொன்னேன். அப்பொழுது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், அப்பொழுது இங்கே சாமிக்குப் பூக் கொண்டு வந்தவர்களின் பெயர் ஏதும் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்கள் அம்மம்மா இப்பொழுதும் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவ. அவவுடைய பெயரை எழுதலாமா?" என்றாள். கடற்காற்றில் என் கண் கரித்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அன்று முதல் எங்கள் பாடசாலையிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, குடும்பத்தார் கோயிலுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் செய்யும் கடமையை அதில் எழுதுகின்றனர். சொன்னவர் பெயரும் நாளும் குறிக்கப்படும். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் மாறுபட்டால், இரண்டையும் எழுதுமாறு சொல்லியிருக்கிறேன். எது சரி என்பதைப் பின்னர் ஆராய்வோர் தீர்மானிக்கட்டும். முதற் பக்கத்தில் அம்மாணவியின் அம்மம்மாவின் பெயர் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், என் நினைவில் எஞ்சிய அளவுக்கு, பெரியப்பா சொன்னவற்றை நான் எழுதினேன். அரைப்பக்கம் நிரம்பிற்று; மீதி அரைப்பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

இதனைக் கேட்கும் நேயர்கள் மலைக்கு வரும்பொழுது, வாயிலிற் கயலைப் பாருங்கள். சிதைந்த செய்யுளைப் பாருங்கள். உச்சியில் நின்று கடலையும் பாருங்கள். திரும்பும் வழியில் தம்பலகாமத்தில் இறங்கி, ஆதிகோணநாயகர் சந்நிதியில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிச் செல்லுங்கள். உங்கள் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.